கருப்பட்டி மிட்டாயும் கண்ணீர்க் கட்டுரைகளும்

தமிழில் சில ஆண்டுகளாக ஒரு கட்டுரை வகை செழித்து வளர்ந்து வருகிறது. அதற்கென்று ஒரு வாய்பாடும் உருவாகிவிட்டது. பள்ளிக்கூட வாசல், வாசலுக்கெதிரே ஒரு பாட்டி, பாட்டியின் முன்னால் சாக்கு விரிப்பு, அதன்மேல் கமர்கட், கல்கோனா, தேன் மிட்டாய், எள்ளுருண்டை. கட்டுரையாளரின் உள்ளங்கையில் வியர்வையில் நனைந்த பத்துப் பைசா. கடைசியில் ஒரு பெருமூச்சு: 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?' சிற்றிதழ்களின் பின்பக்கங்களிலும் தீபாவளி மலர்களின் நடுப்பக்கங்களிலும் இந்தப் பெருமூச்சு ஓய்ந்தபாடில்லை. இப்போது அது வணிகமாகவும் ஆகிவிட்டது. பழைய மிட்டாய்களைப் பெட்டியில் அடுக்கி, மேலே 'நைன்டீஸ் கிட்ஸ்' என்று அச்சிட்டு, வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

தின்பண்டத்தை ரசிப்பவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. இந்த ஏக்கம் எதைக் கண்டு கண்ணை மூடிக்கொள்கிறது என்பதுதான் நம் கேள்வி. நாவின் நினைவை இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் பண்டத்தைச் செய்த கையின் நினைவு ஏன் வருவதில்லை? அதை வாங்கக் காசு எங்கிருந்து வந்தது, வாங்க முடியாமல் நின்றவர் யார் என்பவை ஏன் ஒரு வரியாகக்கூட எழுதப்படுவதில்லை? இந்த மறதி தற்செயலானதாக நமக்குத் தோன்றவில்லை. ஏக்கம் இனிப்பாக இருக்க வேண்டுமானால் இவற்றையெல்லாம் மறந்தே ஆக வேண்டும். அந்த மறதிதான் நாம் விரும்பும் பண்டத்தை இன்று கொன்றுகொண்டிருக்கிறது என்பது நம் குற்றச்சாட்டு.

பொதுப்படையாகப் பேசாமல் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்.

ஆலைச் சங்கும் பலகாரக் கடையும்

பாபநாசம் மலையடிவாரத்தில், தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது விக்கிரமசிங்கபுரம். இலக்கிய வாசகர்களுக்கு அது மாதவச் சிவஞான முனிவர் பிறந்த ஊர். ஊர்க்காரர்களுக்கு அது மில் ஊர். 1880களில் ஹார்வி சகோதரர்கள் ஆற்றின் நீர்விசையை நம்பி இங்கே பஞ்சாலை தொடங்கினார்கள். பின்னாளில் அது மதுரா கோட்ஸ் ஆயிற்று. பெயர் மாறிய பிறகும் ஊர் வாயில் அது 'ஹார்வி மில்'லாகவே நெடுங்காலம் இருந்தது.

ஆலை இருந்ததால் மாதச் சம்பளம் இருந்தது. சம்பளம் இருந்ததால் கடைத்தெரு இருந்தது. அடிவாரத்து விவசாயக் கிராமங்களில் பணம் அறுவடைக்கு அறுவடைதான் கைக்கு வரும். ஆலை ஊரில் தேதி தவறாமல் வரும். சம்பள நாளில் வீட்டுக்குப் போகும் கையில் அல்வாப் பொட்டலமும் காராச்சேவும் இருப்பதென்பது அந்த ஒழுங்கின் விளைவு. திருநெல்வேலிச் சீமையில் பலகாரக் கடைகளின் பெருக்கத்தைக் 'கைமணம்' என்ற ஒற்றைச் சொல்லில் விளக்குபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

அந்தச் சம்பளமும் யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1908ஆம் ஆண்டு தூத்துக்குடி கோரல் ஆலையில் (அதுவும் ஹார்வி நிர்வாகத்தில் இருந்ததுதான்) தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மனிதன் தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக வேண்டுமானால் முதலில் அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை போராடிப் பெறப்பட்டது. பலகார நினைவுக் கட்டுரைகளில் அப்பா வாங்கிவந்த பொட்டலம் தவறாமல் வருகிறது. அப்பாவின் கூலி வருவதில்லை.

ஒரு மிட்டாய், மூன்று நிலம்

இந்தப் பக்கத்தின் கருப்பட்டி மிட்டாயைப் பார்ப்போம். சில ஊர்களில் ஏணி மிட்டாய் என்பார்கள். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்த மாவைத் துணியில் கட்டி, காயும் எண்ணெயில் முறுக்குபோல் பிழிந்து, வெந்ததும் எடுத்துக் கருப்பட்டிப் பாகில் அமிழ்த்துவார்கள். பாகில் சுக்கும் ஏலமும் மணக்கும். இதே பண்டம் சர்க்கரைப் பாகில் விழுந்தால் சீனி மிட்டாய்.

மிக எளிய பண்டம். ஆனால் பிரிக்கப்படாத பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் மூன்று நிலங்களும் இதற்குள் இருக்கின்றன. அரிசி, அம்பாசமுத்திரம் பக்கத்து ஆற்றுப் பாசன நஞ்சையிலிருந்து வருகிறது. உளுந்து, கோவில்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கரிசலிலிருந்து வருகிறது. கருப்பட்டி, திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரியிலிருந்து வருகிறது. இவற்றில் முதல் இரண்டுக்கும் மாற்று எளிதில் கிடைக்கிறது. அரிசியும் உளுந்தும் எந்தச் சந்தையிலும் உண்டு. மூன்றாவதற்கு மாற்று கிடையாது. சர்க்கரை இருக்கிறதே என்றால், சர்க்கரையில் போட்டதற்கு வேறு பெயர் இருக்கிறது.

கருப்பட்டி எப்படி வருகிறது? பனையேறி விடியற்காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மரம் ஏறுகிறார். பாளையைச் சீவிவிடுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார். தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிவந்த பதநீரைப் பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்கள்தான் விடிலியில் அடுப்புக்கு முன்னால் நின்று காய்ச்சுகிறார்கள். பதநீரில் இனிப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். மீதி அத்தனையும் ஆவியாகிப் போகும்வரை தீ எரிய வேண்டும், கை கிண்ட வேண்டும். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். வெயிற்காலச் சில மாதங்களோடு பருவம் முடிந்துவிடும். மரத்திலிருந்து விழுந்தால் இடுப்போ உயிரோ போகும்.

இந்த உழைப்பைக் கூட்டிக் கணக்குப் போட்டால் கருப்பட்டி சர்க்கரையைப்போலப் பல மடங்கு விலை விற்பது வியப்பில்லை. பிள்ளைகள் அப்பனின் தொழிலுக்கு வராமல் போவதும் வியப்பில்லை. அவர்கள் வராமல் போனதற்காக நாம் வருந்த முடியாது. அப்பனைப்போல் மரத்திலிருந்து விழுந்து சாகாமல் ஒரு பிள்ளை வங்கியிலோ பள்ளியிலோ வேலைக்குப் போனால் அது நல்ல செய்தி. 'பாரம்பரியத் தொழில் அழிகிறதே' என்று குளிரூட்டிய அறையில் அமர்ந்து எழுதுகிறவர், தன் பிள்ளையை எந்தப் பனையில் ஏற்றப்போகிறார் என்பதையும் சேர்த்து எழுதிவிடலாம்.

எல்லோருக்கும் கிடைத்ததா?

ஏக்கக் கட்டுரைகளின் கடந்த காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் சட்டைத் துணியில் வைத்துக் கடித்து மிட்டாயைப் பகிர்ந்துகொள்கிறார்கள். காக்காய்க் கடி, எச்சில் இல்லை, தீட்டு இல்லை. அப்படி ஒரு திருநெல்வேலி எந்த ஆண்டில் இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறோம். இரட்டைக் குவளை இருந்த ஊர்களில், கடைக்கு உள்ளே உட்கார்ந்து தின்றவர்களும் வெளியே நின்று இலையில் வாங்கியவர்களும் ஒரே பண்டத்தைத்தான் தின்றார்கள். இருவருக்கும் ஒரே நினைவு எப்படி இருக்கும்?

கோயில்களில் நைவேத்தியப் பணியாரமும் பொங்கலும் உண்டு. அவற்றில் இனிப்பும் உண்டு. தேரிக்காட்டில் இனிப்பைக் காய்ச்சி இறக்கிய சமூகத்துக்கோ பல கோயில்களின் வாசல் மூடியிருந்தது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அவர்களுக்கு உரிமையில்லை என்றே 1908இல் தீர்ப்பானது. கோரல் ஆலை வேலைநிறுத்தம் நடந்த அதே ஆண்டு. அதன்பின் முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து, 1939இல்தான் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டத்தின் துணை கிடைத்தது. 'அந்தக் காலம்' என்று ஒருமையில் சொல்லும்போது எந்தக் காலத்தை, யாருடைய காலத்தைச் சொல்கிறோம் என்பதை இலக்கியம் தெரிந்தவர்களாவது யோசிக்க வேண்டும்.

மண்ணின் தூய்மை என்னும் கதை

இரண்டாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. ஏங்குவதோடு நில்லாமல் தூய்மை பேசும் கூட்டம். 'நம் மண்ணின் தின்பண்டம், நம் முன்னோர் அறிவியல், மேற்கத்திய நஞ்சு' என்பது அதன் பல்லவி.

திருநெல்வேலியின் அடையாளமே அல்வாதான். அந்தச் சொல் அரபு வழி வந்தது. கோதுமை தாமிரபரணி நஞ்சையில் விளைவதில்லை. அதைக் கிண்டிப் பெயர் வாங்கித் தந்தவர்கள் வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள். அதனால்தான் நெல்லையில் மிட்டாய்க் கடைக்கு 'லாலாக் கடை' என்றே பெயர். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, தெளியவைத்து, நெய் கக்கும்வரை கிண்டும் அந்தப் பொறுமைதான் அதை நெல்லை அல்வா ஆக்கியது. கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் கடலை தென்னமெரிக்காவில் தோன்றியது. தூத்துக்குடி மக்ரூனின் பெயர் ஐரோப்பியப் பெயர். அதன் முந்திரியோ பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் நம் 'மண்ணின்' பெட்டியில் மிஞ்சுவது மிகக் குறைவு.

இது நமக்கு மட்டுமான நிலையும் அன்று. பிலிப்பைன்ஸ் தெருக்களில் காலை நேரத்தில் 'தாஹோ' என்று நீட்டிக் கூவிக்கொண்டு போவார்கள். தோளில் காவடிபோல் ஒரு கழி, இரு முனையிலும் பாத்திரங்கள்; ஒன்றில் சூடான மெல்லிய சோயாத் தயிர், மற்றொன்றில் பழுப்புச் சர்க்கரைப் பாகும் ஜவ்வரிசியும். சோயாத் தயிர் சீனர்களோடு வந்தது. வறுத்த மாவும் பால்பொடியும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து அச்சில் அழுத்தும் அவர்களுடைய 'போல்வொரோன்' ஸ்பானிய ஆட்சியோடு வந்தது. உலகெங்கும் வேலைக்குப் போன பிலிப்பினோக்கள் இன்று ஏங்குவது இவற்றுக்காகத்தான். எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு ஒரு பண்டம் ஓர் ஊருக்குச் சொந்தமாவதில்லை. ஒருவர் நாள் தவறாமல் அதைச் செய்துகொண்டு வந்ததால், மற்றவர்கள் நாள் தவறாமல் காசு கொடுத்து வாங்கியதால் சொந்தமாகிறது. தாஹோக்காரர் காலையில் வரும்வரைதான் தாஹோ மரபு. லாலா அடுப்பை மூட்டும்வரைதான் அல்வா நம்முடையது.

பழைய மிட்டாயெல்லாம் உடம்புக்கு நல்லது என்பதும் இதே கதையின் கிளை. தேன் மிட்டாயில் தேன் இருந்ததில்லை. சாயமிட்ட மாவை எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்ததற்கு அந்தப் பெயர். பஞ்சு மிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருப்பது சோதனையில் தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. சாக்கு விரிப்பில் விற்ற அந்தச் சிவப்பு மிட்டாய்களில் எந்தச் சாயம் இருந்தது என்று அன்று யாரும் சோதிக்கவில்லை. சோதிக்காமல் விட்டதைத் தூய்மை என்று எண்ணிக்கொள்வது வேடிக்கை.

பெயர் பிழைத்தது, பண்டம்?

இனி, பெட்டி வணிகத்துக்கு வருவோம். ஏக்கத்துக்கு ஒரு தன்மை உண்டு: அதற்குப் பெயரும் உருவமும் போதும். கருப்பட்டி மிட்டாய் பழுப்பாக இருந்தால், மேலே ஓலைக்கொட்டானின் படம் இருந்தால், ஏங்குபவருக்கு நிறைவு வந்துவிடும். வணிகர் இதை நன்கு அறிவார். பதநீரில் சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சிக் கருப்பட்டி என்று விற்பது தென்மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பருவமே இல்லாத ஐப்பசி மழையிலும் புதுக்கருப்பட்டி குவியல் குவியலாக வருவதெப்படி என்று யாரும் கேட்பதில்லை. கலப்படக் கருப்பட்டி மலிவாகக் கிடைக்க, அந்த விலைக்குக் கொடுக்க முடியாத பனையேறி கலயத்தைக் கவிழ்த்து வைக்கிறார். ஆக, ஏக்கப் பெட்டியின் ஒவ்வொரு விற்பனையும் உண்மையான பண்டத்தின் சந்தையை இன்னும் கொஞ்சம் சுருக்குகிறது. பண்டம் செத்த பிறகும் பெயர் நன்றாக விற்கும். சொல்லப்போனால், செத்த பிறகுதான் ஏக்கத்துக்கு விலை ஏறும்.

அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இலும், உடன்குடிக் கருப்பட்டி 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகள் விநியோகம், மரம் வெட்ட ஆட்சியர் அனுமதி, நியாயவிலைக் கடைகளில் கருப்பட்டி ஆகியவற்றை அறிவித்தது. வரவேற்க வேண்டியவைதான். ஆனால் குறியீடு காப்பது பெயரை. செய்பவரின் கூலியை அன்று. விதையோ, ஊன்றிப் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் பாளை விடும். அன்று அதில் ஏற ஒருவர் இருக்க வேண்டும். மறுபுறம், 1987இல் கள் தடை வந்ததிலிருந்து கலயத்தோடு போகும் பனையேறி சந்தேகக் கண்ணுக்கு ஆளாகவே இருக்கிறார். பனையை மாநில மரம் என்று போற்றுவதும், பனையேறியைக் குற்றவாளிபோல் பார்ப்பதும் ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஏக்கக் கட்டுரை இதிலும் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடும்.

இலக்கியத்தின் பொறுப்பு

'ஏங்குவதும் குற்றமா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. ஊரை விட்டு வந்தவனுக்கு நாக்கில் ஊர் இருக்கும். அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் நினைவு என்பது ஓர் அறிதல். அறிய மறுக்கும் நினைவு வெறும் இனிப்பு.

தாமிரபரணிக் கரை எழுத்து இதை என்றோ அறிந்திருந்தது. புதுமைப்பித்தனின் நெல்லையில் ஊர்ப் பாசம் உண்டு. உருக்கம் பூசிய ஊர்ப் படம் கிடையாது. 'துன்பக்கேணி'யில் அவர் வாசவன்பட்டியிலிருந்து தொடங்கி, கூலிக்காகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பெண்ணின் பின்னாலேயே போனார். கரிசல் சீமையில் கி. ராஜநாராயணன் வட்டார வழக்குச் சொற்களைத் தேடித் தொகுத்தபோது, சொல்லோடு அந்தச் சொல்லுக்குரிய வேலையும் வந்தது. கருவியின் பெயர், பருவத்தின் பெயர், பிழையாகச் செய்தால் திட்டும் வசை எல்லாம் வந்தன. இந்த முன்னோடிகளை வாசித்து வளர்ந்த நாம், 'கமர்கட்டின் சுவை இன்னும் நாவில் இனிக்கிறது' என்ற வாக்கியத்தோடு எப்படித் திருப்தி அடைகிறோம்?

எனவே, எழுதுகிறவர்களுக்கு நாம் முன்வைப்பது இதுதான். அடுத்த பலகாரக் கட்டுரையில் அதைச் செய்தவர் வரட்டும். எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார், ஒரு நாளில் எவ்வளவு விற்கிறார், எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டு எழுதுங்கள். விடிலி, பாளை, கலயம், சிரட்டை என்ற சொற்கள் வரட்டும். உங்கள் தெருவில் வாங்கித் தின்ன முடியாமல் போன பிள்ளை யார் என்பதும் வரட்டும். இவற்றை எழுதிய பிறகும் இனிக்கும் நினைவு உங்களிடம் மிஞ்சினால், அதை நாங்கள் மகிழ்ச்சியோடு வாசிப்போம்.

தின்கிறவர்களுக்கும் ஒன்று. பொதியில் அடைத்து விற்கும் எந்தப் பண்டத்திலும், கலந்த பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கருப்பட்டி மிட்டாய் என்று எழுதிய பொதியைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை முன்னாலும் கருப்பட்டி எங்கோ கடைசியிலும் இருந்தால், அல்லது கருப்பட்டியே இல்லாமலிருந்தால், அதை வைத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மாசி முதல் ஆடி வரையிலான மாதங்களில் திருச்செந்தூர்ப் பக்கம் போக நேர்ந்தால், காய்ச்சுகிறவர்களிடமே கருப்பட்டி வாங்குங்கள். சொல்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் பாதி வாங்குங்கள்; முழு விலைக்கு வாங்குங்கள்.

விக்கிரமசிங்கபுரத்துக் கடைத்தெருவில் ஒரு காலத்தில் மிட்டாய் விற்றது, வாங்கியவர்களின் பையில் கூலிக் காசு இருந்ததால். இனியும் விற்க வேண்டுமானால், செய்பவர்களின் பைக்குக் காசு போய்ச் சேர வேண்டும். பெருமூச்சை எந்தப் பனையேறியும் எந்தக் கடையிலும் கொடுத்து அரிசி வாங்க முடியாது.